இன்யுலின் பவுடர் சாப்பிட்டால் எலும்பில் கால்சியம் கூடுதலாகச் சேருமா?

வசந்தி, விவேக் நகர்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 56 வயது. மாதவிடாய் நின்று ஐந்தாறு வருஷம் ஆகிறது. போன மாதம் எலும்பு அடர்த்தி பார்க்க எடுத்த டெக்ஸா ஸ்கேனில் இடுப்பெலும்புக்கு டி-ஸ்கோர் (இளம் வயது எலும்போடு ஒப்பிடும் எண்) மைனஸ் 1.9 வந்தது. டாக்டர் "ஆஸ்டியோபீனியாதான், எலும்பு கொஞ்சம் மெலிந்திருக்கிறது, எளிதில் முறியும் ஆஸ்டியோபோரோசிஸ் வரைக்கும் போகவில்லை" என்று சொல்லி, கால்சியம் கார்பனேட் மாத்திரை தினம் ஒன்றும், வைட்டமின் டி வாரத்துக்கு ஒன்றும் எழுதிக் கொடுத்தார். நடக்கச் சொன்னார். அதெல்லாம் செய்கிறேன்.

இப்போது என் மகள் ஒரு டப்பா வாங்கி வந்திருக்கிறாள். சிக்கரி வேரிலிருந்து எடுத்த இன்யுலினாம். வெள்ளையாக, மைதாவை விட நைசாக இருக்கிறது. நாக்கில் வைத்தால் லேசான இனிப்பு. வெந்நீரில் போட்டால் இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடுகிறது. "ப்ரீபயாடிக் நார்ச்சத்து, தாதுக்கள் உறிஞ்சப்படுவதற்கு உதவும்" என்று டப்பாவில் போட்டிருக்கிறது. காலையில் கஞ்சியில் கலந்து குடி என்கிறாள்.

என் நாத்தனார் நேர்மாறாகச் சொல்கிறார். நார்ச்சத்து அதிகமானால் கால்சியத்தையும் இரும்பையும் இழுத்துக்கொண்டு வெளியே போய்விடும், கோதுமைத் தவிடு சேர்ப்பதையே நிறுத்து என்கிறார். எனக்குச் சர்க்கரை எல்லைக் கோட்டில் இருப்பதால் ராத்திரி சப்பாத்தி மாவில் தனியாகத் தவிடு சேர்த்துப் பிசைவது வழக்கம். காலையில் ராகிக் கஞ்சி, மதியம் சாதம், சாம்பார், ஒரு பொரியல், கொஞ்சம் தயிர். இதுதான் என் சாப்பாடு.

இரண்டு பேரும் படித்தவர்கள், இரண்டு பேருமே உறுதியாகச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கார்த்திக், பொம்மனஹள்ளி

ஆன்ட்டி, நான் மலச்சிக்கலுக்காக இன்யுலின் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு நன்றாகவே கேட்கிறது. எலும்பு பற்றி எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: டப்பாவுக்குள் இருக்கும் அந்தப் பெரிய ஸ்கூப்பை முதல் நாளே முழுசாகப் போட்டுவிடாதீர்கள். வயிறு உப்பி, காற்று பிரிந்துகொண்டே இருக்கும். அரை டீஸ்பூனில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுங்கள்.

ருக்மணி, மல்லேஸ்வரம்

வசந்தி, உங்கள் மகளும் நாத்தனாரும் இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு நார்ச்சத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் ஆஸ்பத்திரி டயட் டிபார்ட்மென்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்வி வராத வாரம் எனக்கு இருந்ததில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நாத்தனார் பக்கம். தவிடு, முழுத் தானியம், பருப்புத் தோல் இவற்றில் ஃபைட்டேட் என்று ஒரு பொருள் இருக்கிறது. விதை தனக்குத் தேவையான பாஸ்பரஸை அந்த வடிவத்தில்தான் சேமித்து வைக்கும். அது கால்சியம், இரும்பு, துத்தநாகம் மூன்றையும் பிடித்து வைத்துக்கொண்டு சிறுகுடலில் கரையவிடாது. அவர் பயப்படுவது இதைத்தான், அதில் நியாயம் இருக்கிறது. மாவில் இயல்பாக இருக்கும் தவிடு போதாதென்று தனியாகவும் தவிடு சேர்த்தால் ஃபைட்டேட்டும் கூடத்தான் செய்யும். முழுக் கோதுமை மாவையே சலிக்காமல் பிசைந்தால் போதும். கூடுதல் தவிட்டை நீங்கள் நிறுத்திவிடலாம் என்பதுதான் என் கருத்து. சர்க்கரைக்காக என்றால் சப்பாத்தியோடு ஒரு கிண்ணம் காயும் பருப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி மகள் பக்கம். இன்யுலினில் ஃபைட்டேட் கிடையாது. அது ஃபிரக்டோஸ் சர்க்கரை நீளமாகச் சங்கிலி கோத்த ஒரு பொருள். அந்தச் சங்கிலியை வெட்டும் என்ஸைம் நம் உடம்பில் இல்லை. அதனால் வயிறு, சிறுகுடல் இரண்டையும் தாண்டி அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே இருக்கும் பைஃபிடோபாக்டீரியா மாதிரியான நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைக்கும். அப்போது அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்கள் உண்டாகும். தோசை மாவு ராத்திரியில் புளிப்பது போலத்தான், பெருங்குடலும் கொஞ்சம் புளிப்பேறுகிறது.

அந்தப் புளிப்பில்தான் விஷயம் இருக்கிறது. நாம் சாப்பிடும் கால்சியத்தில் சராசரியாகக் கால் பங்கு, மிஞ்சிப் போனால் மூன்றில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். வயதாக ஆக, அதுவும் மாதவிடாய் நின்ற பிறகு, இன்னும் குறையும். சேருவதில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே சேர்ந்துவிடுகிறது. அங்கே உறிஞ்சப்படாமல் மிஞ்சியது கரையாத உப்பாகப் பெருங்குடலுக்கு வரும். அங்கே அமிலத்தன்மை கூடினால் அதில் ஒரு பகுதி திரும்பக் கரையும். கரைந்தால் குடல் சுவர் அதை இழுத்துக்கொள்ள இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது. எலிகளில் செய்த சோதனைகளில் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பெருங்குடலின் ஆரம்பப் பகுதி பருத்து அதன் உறிஞ்சும் பரப்பு கூடியது, கால்சியத்தைச் செல்லுக்குள் சுமந்து போகும் கால்பைண்டின் என்ற புரதமும் அங்கே அதிகமானது.

எலி சரி, மனிதருக்கு? நெதர்லாந்தில் நடந்த இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 1998-ல் இளைஞர்களுக்குத் தினம் 15 கிராம் ஒலிகோஃபிரக்டோஸ் கொடுத்துப் பார்த்தார்கள். அது இன்யுலினின் குட்டைச் சங்கிலி. கால்சியம் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று 24 மணி நேரச் சிறுநீரை வைத்து அளந்தார்கள், வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வருஷம் அதே அளவை 14-லிருந்து 16 வயதுப் பையன்களுக்குக் கொடுத்து, சிறுநீரை 36 மணி நேரம் சேகரித்தார்கள். இந்த முறை கால்சியம் உறிஞ்சப்பட்டது 48 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. வயது வித்தியாசமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பெருங்குடலில் நடக்கும் வேலை தாமதமாகத்தான் நடக்கும், சீக்கிரம் கடையை மூடினால் அது கணக்கில் வராது என்பதை இது நன்றாகக் காட்டுகிறது.

பெரிய ஆய்வு 2005-ல் அமெரிக்காவில் ஹூஸ்டனில் வெளியானது. 9-லிருந்து 13 வயதுப் பிள்ளைகள் நூறு பேர் அளவில். பாதிப் பேருக்குத் தினம் 8 கிராம், நீளச் சங்கிலியும் குட்டைச் சங்கிலியும் கலந்த இன்யுலின். மீதிப் பேருக்கு வெறும் மாவுச்சர்க்கரை. ஒரு வருஷ முடிவில் இன்யுலின் பிள்ளைகளின் எலும்பில் சேர்ந்த தாது மற்றவர்களை விடச் சராசரியாக 35 கிராம் அதிகம். வளரும் வயதில் அது நல்ல சேமிப்பு. பிறகு அதே குழுவினர் 13 இளைஞர்களுக்கு 8 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 8 பேருக்குப் பலன் தெரிந்தது, 5 பேருக்கு இல்லை. பலன் கிடைத்தவர்களுக்குக் கூடுதலாகச் சேர்ந்த கால்சியத்தில் 70 சதவீதம் பெருங்குடலில் சேர்ந்ததுதான். ஆக, எல்லோருக்கும் கேட்கும் மருந்து இது இல்லை. ஒவ்வொருவர் குடலில் இருக்கும் நுண்ணுயிர்களும் வேறு, ஏற்கெனவே எவ்வளவு உறிஞ்சுகிறோம் என்பதும் வேறு.

சரி, நம் வயதுக்கு வருவோம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் முடிவுகள் கலந்துதான் இருக்கின்றன. ஃபிரான்சில் குட்டைச் சங்கிலி வகையைத் தினம் 10 கிராம், 5 வாரம் கொடுத்தபோது மக்னீசியம் நன்றாகக் கூடியது, கால்சியத்தில் மொத்தமாகப் பார்த்தால் மாற்றமில்லை. 2007-ல் வந்த இன்னொரு ஆய்வில் 72 வயதுச் சராசரியில் 15 பெண்களுக்குக் கலப்பு இன்யுலின் 10 கிராம், 6 வாரம். கால்சியம், மக்னீசியம் இரண்டும் கூடின. எலும்பு அடர்த்தி குறைவாக இருந்தவர்களுக்கே அதிகப் பலன். 2016-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் இன்யுலினுக்குப் பதில் கரையும் சோள நாரைக் கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. கால்சியம்-41 என்ற அபூர்வமான ஐசோடோப்பை, அதாவது தனியாக அடையாளம் காணக்கூடிய ஒரு வகைக் கால்சியத்தை, முதலில் எலும்பில் ஏற்றிவிட்டு, அது சிறுநீரில் எவ்வளவு கசிகிறது என்று பார்த்து, எலும்பு எவ்வளவு கால்சியத்தைத் தக்கவைக்கிறது என்று நேராகவே அளந்தார்கள். தினம் 10 கிராமுக்கு 4.8 சதவீதம், 20 கிராமுக்கு 7 சதவீதம் கூடியது.

இந்த எண்களை எப்படி எடுத்துக்கொள்வது என்றால், கூடுதல் லாபம் உண்டு, ஆனால் சிறியது. முதல் வேலை தட்டில் கால்சியம் இருப்பது. நமக்கு வேண்டியதில் பாதிதான் சாப்பிடுகிறோம் என்றால், பாதியை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக உறிஞ்சினாலும் அது பாதிதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 கணக்குப்படி பெரியவர்களுக்குத் தினம் 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. நீங்கள் எழுதிய சாப்பாட்டைப் பார்த்தேன். ராகி 100 கிராம் மாவில் 350 மில்லிகிராம் பக்கம் இருக்கிறது, ஆனால் ஒரு டம்ளர் கஞ்சிக்கு நாம் போடுவது 25, 30 கிராம்தான். அதில் 100 மில்லிகிராம் கிடைக்கும். கொஞ்சம் தயிரில் இன்னொரு 100, 120. மாத்திரை 500 என்று வைத்தாலும் 1200-க்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கிறது. ஒரு டம்ளர் பால், மதியத் தயிர் ஒரு முழுக் கிண்ணம், வாரத்தில் நான்கைந்து நாள் முருங்கைக் கீரை, ஒரு ஸ்பூன் எள்ளுப் பொடி. இதற்கு அப்புறம்தான் டப்பா.

வசந்தி, விவேக் நகர்

ருக்மணி அம்மா, ரொம்ப நன்றி. இவ்வளவு பொறுமையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. தவிட்டை நிறுத்திவிட்டேன், நாத்தனாருக்கு ஒரே சந்தோஷம்.

இன்னும் மூன்று சந்தேகம். எங்கள் வீட்டில் காலையும் மாலையும் ஃபில்டர் காபிதான். தூளில் 30 சதவீதம் சிக்கரி. டப்பாவில் இருப்பதும் சிக்கரி வேர்தானே, அப்படியென்றால் காபியிலேயே இன்யுலின் கிடைத்துவிடாதா?

இரண்டாவது, என் மகளுக்கு 27 வயது, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஹீமோகுளோபின் 9.8 தான் இருக்கிறது. கால்சியத்துக்கு உதவுகிறது என்றால் இரும்புக்கும் உதவும்தானே, நானும் குடிக்கிறேன் என்கிறாள். குடிக்கலாமா?

அப்புறம், ராகியிலும் ஃபைட்டேட் உண்டு என்கிறார்களே. அதையும் நிறுத்த வேண்டுமா? அதை நிறுத்தச் சொன்னால் எனக்குக் கஷ்டம்.

ஷாஹிதா, ஃப்ரேசர் டவுன்

அக்கா, நான் மெடிக்கல் ஷாப்பில் ஃபார்மசிஸ்ட். ருக்மணி அம்மா சாப்பாட்டுப் பக்கம் பார்த்துக்கொள்வார், நான் மாத்திரைப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

கால்சியம் கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும். அதனால் சாப்பாட்டோடு போடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். அசிடிட்டிக்கென்று பாண்டோப்ரசோல் மாதிரி மாத்திரை தினமும் போடுகிறவராக இருந்தால் டாக்டரிடம் சொல்லிக் கால்சியம் சிட்ரேட்டாக மாற்றச் சொல்லுங்கள், அது அமிலத்தை நம்பி இருப்பதில்லை. ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், மொத்தமாகக் கொடுத்தால் உறிஞ்சும் பங்கு குறைந்துவிடும்.

தைராய்டு மாத்திரை போடுகிறீர்களா? போட்டால் அதற்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேரம் இடைவெளி கட்டாயம். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பலர் இரண்டையும் காலையில் ஒன்றாக விழுங்கிவிட்டு, தைராய்டு ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் ஏன் இறங்கவில்லை என்று கவலைப்படுகிறார்கள். உங்கள் மகளுக்கு இரும்பு மாத்திரை கொடுத்தால் அதையும் கால்சியத்தோடு சேர்க்காதீர்கள்.

இன்யுலின் கேட்டு வருகிறவர்களில் சிலர் இசப்கோலை எடுத்துக்கொண்டு போகிறார்கள், இரண்டும் ஒன்றுதானே என்று. ஒன்று இல்லை. இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி வழவழவென்று ஜெல் ஆகும், மலம் இலகுவாகப் போக நல்லது. ஆனால் பெருங்குடலில் அது அவ்வளவாக நொதிப்பதில்லை. ருக்மணி அம்மா சொன்ன அந்தப் புளிப்பு அதில் வராது. மருந்தோடு சேர்த்துக் குடித்தால் மருந்தையும் பிடித்து வைக்கும், அதனால் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள்.

ருக்மணி, மல்லேஸ்வரம்

ஷாஹிதா, அருமை. இசப்கோல் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நானே நினைத்திருந்தேன்.

வசந்தி, காபியை முதலில் முடித்துவிடுகிறேன். சிக்கரி வேர் பச்சையாக இருக்கும்போது, அதன் ஈரத்தை நீக்கிப் பார்த்தால், பாதிக்கு மேல் இன்யுலின்தான். காபிக்காக அதைக் கறுக்க வறுக்கும்போது கணிசமான பகுதி உடைந்துபோய் நிறமும் அந்த வாசனையும் ஆகிவிடுகிறது. மிச்சம் எவ்வளவு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், கணக்கே போட்டுவிடலாம். ஒரு நாளைக்கு 20 கிராம் தூள் போட்டால் அதில் சிக்கரி 6 கிராம். அந்த 6 கிராமும் இன்யுலினாகவே இருந்தால்கூட ஆய்வில் கொடுத்த 8 கிராமைத் தொடாது. காபியைக் காபிக்காகக் குடியுங்கள்.

மகள் விஷயம்தான் முக்கியம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இரும்பு உறிஞ்சப்படுவது பெரும்பாலும் சிறுகுடலின் ஆரம்பத்தில், இரைப்பையை ஒட்டிய பகுதியில். இன்யுலின் வேலை செய்வது கடைசியில், பெருங்குடலில். இரண்டுக்கும் நடுவில் பல மீட்டர் தூரம். அதனால் கால்சியத்துக்கு நடப்பது இரும்புக்கு நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2012-ல் சுவிட்சர்லாந்தில், இரும்புச் சேமிப்பு குறைந்த இளம் பெண்களுக்குத் தினம் 20 கிராம் இன்யுலின் கொடுத்துப் பார்த்தார்கள். பைஃபிடோபாக்டீரியா கூடியது, இரும்பு உறிஞ்சுவது குறிப்பிடும்படி கூடவில்லை.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. காலக்டோ-ஒலிகோசாக்கரைடு, சுருக்கமாக ஜிஓஎஸ் என்று இன்னொரு ப்ரீபயாடிக். பாலிலிருக்கும் லாக்டோஸிலிருந்து செய்வது. கென்யாவில் கைக்குழந்தைகளுக்குச் சத்துப் பொடியில் இரும்போடு இதையும் சேர்த்துக் கொடுத்தபோது இரும்பு கூடுதலாக உறிஞ்சப்பட்டது. உறிஞ்சப்படாத இரும்பு குடலில் தங்கிக் கெட்ட நுண்ணுயிர்களை வளர்க்கும், அந்தத் தொந்தரவும் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது குழந்தைகளுக்கு, குறிப்பிட்ட இரும்பு உப்போடு. உங்கள் மகள் வாங்கிய டப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

9.8 என்பது ரத்தசோகை. பவுடரில் நேரத்தைக் கடத்த வேண்டாம். டாக்டரைப் பார்த்து, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12 இரண்டும் பார்க்கட்டும். மாதவிடாயில் ரத்தம் அதிகமாகப் போகிறதா என்றும் சொல்லட்டும், இந்த வயதுப் பெண்கள் அதை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிப்பதை நிறுத்தி, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். கேன்டீன் சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சம்பழம் பிழிந்த சாலட்டோ இருந்தால், அந்த வைட்டமின் சி செய்கிற வேலையை இன்யுலின் செய்யாது.

ராகியை நிறுத்தாதீர்கள்! இந்த ஊரில் இருந்துகொண்டு ராகியை விடுவதா. ஃபைட்டேட் உண்டு, அதைக் குறைக்கும் வழி நம் பாட்டிகளிடம் இருந்தது. முளைகட்டுங்கள். ராகியை நன்றாகக் கழுவி ராத்திரி ஊறப் போட்டு, காலையில் வடித்து, ஈரத் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுங்கள். பெங்களூரு குளிருக்கு ஒரு நாளில் வராது, டிசம்பர் என்றால் இரண்டு நாள்கூட ஆகும். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக நூல் மாதிரி முளை நீட்டியிருக்கும், மூட்டையே கையில் கதகதப்பாக இருக்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, வாணலியில் லேசாக, வாசனை வரும் வரை மட்டும் வறுத்து, உள்ளங்கையில் தேய்த்துக் காய்ந்த முளையைப் புடைத்து எடுத்துவிட்டு அரைத்துக்கொள்ளுங்கள். முளைக்கும்போது விதை தன்னுடைய ஃபைட்டேஸ் என்ஸைமாலேயே ஃபைட்டேட்டை உடைத்துக்கொள்ளும். மைசூரு சிஎஃப்டிஆர்ஐ என்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது முளைகட்டிய ராகியில் உடம்புக்குக் கிடைக்கக்கூடிய இரும்பு கூடியிருந்தது. இட்லி, தோசை மாவு புளிப்பதிலும் இதே நன்மைதான்.

அதே சிஎஃப்டிஆர்ஐ-யில் 2010-ல் வெளியான இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. தானியம், பருப்போடு வெங்காயமும் பூண்டும் சேர்த்துச் சோதனைக் குழாயில் செரிக்க வைத்துப் பார்த்தார்கள். இரும்பும் துத்தநாகமும் கூடுதலாகக் கரைந்து கிடைத்தன. இது அவற்றிலிருக்கும் கந்தகச் சேர்மங்களின் வேலையாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. சோதனைக் குழாய்தான், மனித உடம்பு இல்லை, அது ஞாபகம் இருக்கட்டும். ஆனால் வெங்காயமும் பூண்டும் இயற்கையாகவே இன்யுலின் வகை நார் உள்ளவை. சின்ன வெங்காயம் கைநிறையப் போட்ட சாம்பார், பூண்டுக் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், கோதுமைச் சப்பாத்தி, ராஜ்மா, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு எல்லாமே பெருங்குடல் நுண்ணுயிர்களுக்குத் தீனி போடுபவைதான். பயறுகளில் இருக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் இதே வேலையைச் செய்யும். காசு கொடுத்து டப்பா வாங்குவதற்கு முன்னால் இவை தினமும் தட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பேன். கடைசி வரைக்கும் இதைச் சொல்லித்தான் நான் வேலை பார்த்தேன், இன்னும் அதையேதான் நம்புகிறேன்.

செல்வம், ஸ்ரீராம்புரம்

ருக்மணி மேடம், நீங்கள் சொன்ன பட்டியலைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. எனக்கு ஐபிஎஸ், அதாவது குடல் எரிச்சல் நோய். வெங்காயம், பூண்டு, ராஜ்மா இந்த மூன்றும்தான் எனக்கு ஆகாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். சாப்பிட்டால் சாயங்காலத்துக்குள் வயிறு கல் மாதிரி ஆகிவிடும், ஷிப்ட்டில் நிற்க முடியாது. என்னை மாதிரி ஆட்கள் என்ன செய்வது? எனக்கும் 50 தாண்டியாயிற்று, எலும்பு எனக்கும் வேண்டுமே.

ருக்மணி, மல்லேஸ்வரம்

செல்வம், உங்கள் டாக்டர் சொன்னது சரி. நொதிப்பதால்தான் நன்மை, அந்த நொதிப்பால்தான் காற்றும். குடல் கூச்சமுள்ளவர்களுக்கு அந்தக் காற்றே வலி. நீங்கள் இன்யுலின் பக்கமே போக வேண்டாம். இந்த நார் இல்லாமலும் எலும்பு நன்றாக இருக்கும், அதில் கவலை வேண்டாம். உங்களுக்குக் கால்சியம் தட்டிலிருந்து நேராக வரட்டும். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தயிர், மோர், ராகி, கீரை, எள். வைட்டமின் டி ஒரு முறை பரிசோதித்துப் பாருங்கள். ஷிப்ட் வேலைக்காரர்கள் பகலில் தூங்கிவிடுகிறார்கள், வெயிலே படுவதில்லை. டி குறைவாக இருந்தால் சிறுகுடலில் நடக்க வேண்டிய பெரிய வேலையே நடக்காது, கடைசியில் பெருங்குடலைச் சரிசெய்து என்ன பயன். ராத்திரி வடித்த சாதத்தை ஆறவைத்துக் காலையில் மோர் விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். ஆறிய சாதத்தில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் உண்டாகும், அதுவும் பெருங்குடலில்தான் நொதிக்கும். இன்யுலின் மாதிரி வேகமாக இல்லாததால் பலருக்கு ஒத்துப்போகிறது. சின்னக் கிண்ணத்தில் ஆரம்பியுங்கள். சின்ன வெங்காயம் சேர்த்துக்கொள்ளாதீர்கள், மோர் மிளகாய் ஒன்று போதும்.

வசந்தி, விவேக் நகர்

அம்மா, மகளை உட்காரவைத்து இதையெல்லாம் படிக்க வைத்தேன். சனிக்கிழமைக்கு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டாள். ரத்தம் அதிகமாகப் போவதை என்னிடமே இதுவரை சொல்லவில்லை, இப்போதுதான் சொன்னாள்.

தைராய்டு மாத்திரை எனக்கு இல்லை, ஷாஹிதா. கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. டப்பா வாங்கியாயிற்று, தூக்கிப் போட மனசு வரவில்லை. நான் மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? எடுத்தால் எவ்வளவு, எத்தனை நாளில் தெரியும்?

ருக்மணி, மல்லேஸ்வரம்

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு ஸ்கூப்பில் எத்தனை கிராம் இன்யுலின் என்று போட்டிருக்க வேண்டும். மால்டோடெக்ஸ்ட்ரினோ (மாவுச்சத்திலிருந்து செய்வது) சர்க்கரையோ கலந்திருந்தால் உங்கள் சர்க்கரைக்கு அது நல்லதில்லை. சுத்தமான இன்யுலின் என்றால் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது.

முதல் வாரம் தினம் 2 கிராம், ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. வயிறு சம்மதித்தால் வாரத்துக்கு இரண்டு கிராம் வீதம் ஏற்றி 8-ல் நிறுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். உப்புசம் வந்தால் முந்தின அளவுக்கே திரும்பிவிடுங்கள். கால்சியம் போடும் நேரத்திலேயே குடிக்க வேண்டும் என்றில்லை, நுண்ணுயிர்கள் பெருகவே வாரக்கணக்கில் ஆகும். தினமும் விடாமல் எடுப்பதுதான் முக்கியம்.

எப்போது தெரியும் என்றால், உங்களுக்குக் கையில் காலில் எதுவும் தெரியாது. வலி குறைந்தது, தெம்பு வந்தது என்று எதிர்பார்க்காதீர்கள். எலும்பு முறிவைக் குறைக்கும் என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. அடுத்த டெக்ஸா எப்போது என்று டாக்டர் சொல்வார், சாதாரணமாக ஒன்றிலிருந்து இரண்டு வருஷம். அதே மெஷினில் எடுங்கள், மெஷின் மாறினால் எண்ணை ஒப்பிட முடியாது. அதுவரை நடையோடு கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். மகள் ரிப்போர்ட் வந்ததும் ஃபெரிட்டின் எவ்வளவு என்று இங்கேயே எழுதுங்கள், சாப்பாட்டுப் பட்டியல் போட்டுத் தருகிறேன்.